வீடு குடியிருக்கவா, விடுதி நடத்தவா?

நியூயார்க் நகரத்திலே வாடகை வீடு கிடைப்பது குதிரைக் கொம்பு. 2023-ஆம் ஆண்டு எடுத்த வீட்டுக் கணக்கின்படி, வாடகைக்கு விடும் வீடுகளில் காலியாக இருந்தவை 1.4 சதவிகிதமே. காலி வீடுகள் 5 சதவிகிதத்துக்குக் குறைந்தாலே வீட்டு நெருக்கடி என்று கருதுவது அங்குள்ள சட்டம். 1968-க்குப் பிறகு இத்தனை மோசமான நிலை அந்த நகரத்துக்கு வந்ததில்லை.

அதே ஆண்டு செப்டம்பர் 5-ஆம் தேதி முதல் ஒரு சட்டத்தை அந்த நகராட்சி கண்டிப்பாக அமல் செய்யத் தொடங்கியது. 2022 ஜனவரியில் நிறைவேறிய ‘உள்ளூர்ச் சட்டம் 18’ என்பது அதன் பெயர். 30 நாளுக்குக் குறைவாக வீட்டையோ அறையையோ வாடகைக்கு விடுவோர் நகராட்சியிடம் பதிவு செய்து, பதிவு எண் பெற வேண்டும் என்கிறது அந்தச் சட்டம்.

உடனே கூச்சல் எழுந்தது. “சொந்த வீட்டிலே விருந்தாளியை வைத்துக்கொள்ளவும் லைசென்ஸா? இதென்ன அநியாயம்!” என்றார்கள். இந்தக் கூச்சலில் நியாயம் எவ்வளவு? நாம் ஆராய்ந்து பார்ப்போம்.

முதலில், விதிகள் என்ன? வீட்டுக்காரர் அந்த வீட்டிலேயே நிரந்தரமாகக் குடியிருக்க வேண்டும். விருந்தாளி தங்கும் நாட்களில் அவரும் அங்கே தங்கியிருக்க வேண்டும். இரண்டு பேருக்கு மேல் ஏற்றக்கூடாது. உள்ளறைகளைப் பூட்டி வைக்காமல், வந்தவர் வீடு முழுவதும் நடமாட விட வேண்டும். வாடகைக் கட்டுப்பாட்டுக்கு உட்பட்ட வீடுகளுக்கும், அரசாங்கக் குடியிருப்புகளுக்கும் பதிவு கிடையாது. பதிவுக் கட்டணம் 145 டாலர். மீறினால் 5,000 டாலர் வரை அபராதம்.

அதாவது, தான் வாழும் வீட்டில் ஓர் அறையை வழிப்போக்கருக்குக் கொடுத்து நாலு காசு பார்க்கும் குடும்பத்தைச் சட்டம் தடுக்கவில்லை. ஆளே குடியிராத வீட்டை விடுதியாக்கும் வியாபாரத்தைத்தான் தடுக்கிறது.

இந்தத் தடை புதிதா? இல்லை. அடுக்குமாடிக் கட்டடங்களில் குடியிருப்பவர் உடன் இல்லாமல் 30 நாளுக்குக் குறைவாக வாடகைக்கு விடக்கூடாது என்று நியூயார்க் மாநிலம் 2010-லேயே சட்டம் செய்துவிட்டது. சட்டம் இருந்தது, மதிப்பார்தான் இல்லை. 2014-இல் அந்த மாநில அட்டர்னி ஜெனரல் ஓர் அறிக்கை வெளியிட்டார். ஏர்பிஎன்பி கம்பெனியின் நான்காண்டு வியாபாரத்தைப் புரட்டிப் பார்த்த அறிக்கை அது. குறுகிய கால வாடகைக்கு விட்ட இடங்களில் 72 சதவிகிதம் சட்டத்தை மீறியதாகத் தெரிந்தது. மூன்றும் அதற்கு மேலும் வீடுகளை வைத்துத் தொழில் நடத்தியவர்கள், வீடு விட்டவர்களில் 6 சதவிகிதம் பேர்தான். அவர்கள் சுருட்டிய பங்கோ மொத்த வருமானத்தில் 37 சதவிகிதம்! 16 கோடியே 80 லட்சம் டாலர்!

ஏழைக் கிழவி ஒருத்தி ஓர் அறையை விட்டு வயிறு வளர்க்கிறாள் என்று படம் காட்டுவார்கள். திரையை விலக்கினால் பின்னாலே நிற்பது யார் என்பதை இந்தக் கணக்கு காட்டிவிட்டது.

அப்படியானால் பத்து வருஷமாகச் செல்லாக்காசாகக் கிடந்த விதிக்கு 2023-இல் பல் முளைத்தது எப்படி? தோழர்கள் முக்கியமாகக் கவனிக்க வேண்டிய இடம் இதுதான்.

அந்தக் கம்பெனி பிறந்த ஊரான சான்பிரான்சிஸ்கோவின் அனுபவத்தைப் பாருங்கள். 2015-லிருந்து அங்கே பதிவு கட்டாயம். ஆனால் பதிவில்லாத வீடுகளின் விளம்பரம் கம்பெனியின் இணையத்தளத்தில் தாராளமாக ஓடிக்கொண்டிருந்தது. ஆயிரக்கணக்கான வீடுகளின் கதவைத் தட்ட நகராட்சிக்கு ஆள் ஏது? பிறகு, பதிவு எண் இல்லாத வீட்டுக்குக் கம்பெனியே பொறுப்பு என்று நகராட்சி சட்டத்தைத் திருத்தியது. கம்பெனி கோர்ட்டுக்குப் போனது; 2017-இல் சமரசத்துக்கு வந்தது. 2018 ஜனவரியில் பதிவில்லாத விளம்பரங்களை நீக்கியபோது, ஏறக்குறைய பாதி விளம்பரங்கள் மறைந்து போயின!

நியூயார்க் பிடித்துக்கொண்டதும் இதே சூட்சுமத்தைத்தான். பதிவு எண்ணைச் சரிபார்க்காமல் கம்பெனி பணம் வாங்கினால், ஒவ்வொரு பேரத்துக்கும் 1,500 டாலர் வரை அபராதம். வீட்டு வாசலில் போடாமல் கல்லாப்பெட்டியின் மேல் பூட்டைப் போட்டார்கள். கம்பெனி வழக்குத் தொடுத்தது. 2023 ஆகஸ்டில் வழக்கு தள்ளுபடியானது. சட்டம் அமலானதும் குறுகிய கால வாடகை விளம்பரங்கள் மளமளவென்று சரிந்தன.

மறுபக்கத்தையும் பார்க்க வேண்டும். கடன் வாங்கி ஒரு சிறு வீட்டைக் கட்டிக்கொண்டு, கீழ்த்தளத்தை வாடகைக்கு விட்டுத் தவணை கட்டிவந்த குடும்பங்களும் இந்தச் சட்டத்தில் சிக்கின. ஒரு குடும்பமோ இரண்டு குடும்பமோ வாழும் வீடுகளுக்கு விதியைத் தளர்த்த வேண்டும் என்று 2024-இல் நகர சபையில் மசோதாவும் வந்தது. இவர்கள் குறையைத் தனியே பிரித்துக் கேட்பதில் தவறில்லை. ஆனால் இவர்களை முன்னே நிறுத்திவிட்டு, பின்னாலே பெரிய கைகள் நுழைந்துவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

ஹோட்டல் அறை வாடகை ஏறிவிட்டதே என்பார்கள். ஏறியது உண்மை, புகலிடம் தேடி வந்தவர்களுக்காக நகராட்சி பல ஹோட்டல்களை எடுத்துக்கொண்டதும் அதற்கு ஒரு காரணம். ஹோட்டல் முதலாளிகளுக்கு இந்தச் சட்டம் ஆதாயம் என்பதையும் நாம் மறைக்கவில்லை. ஆனால் அங்குள்ள ஹோட்டல் தொழிலாளர் சங்கமும் சட்டத்தை ஆதரித்தது. ஏன்? ஹோட்டலில் அறை கூட்டுகிற தொழிலாளிக்குச் சங்கம் உண்டு, கூலி ஒப்பந்தம் உண்டு. ரகசிய விடுதியாக மாறிய வீட்டைக் கூட்டுகிறவளுக்கு என்ன உண்டு?

சட்டம் வந்ததால் வீட்டு வாடகை இறங்கிவிட்டதா? இறங்கவில்லை. விளம்பரங்களில் ஒரு பகுதி 30 நாளும் அதற்கு மேலும் என்று மாறிக்கொண்டது. அதைச் சட்டம் தொடுவதில்லை. லைசென்ஸ் புதிய வீட்டைக் கட்டித் தராது. இருக்கிற வீடு கைநழுவிப் போகாமல் காக்கும். அவ்வளவுதான். வீட்டைக் கட்டுவது அரசாங்கத்தின் கடமை. அதைக் கட்ட வைப்பது மக்களின் வேலை.

நியூயார்க்கும் சான்பிரான்சிஸ்கோவும் கற்றுத் தரும் பாடம் ஒன்றுண்டு. எந்த ஊரிலே இப்படி ஒரு விதி வந்தாலும் மூன்று கேள்விகளைக் கேளுங்கள்: வீட்டுக்காரர் அங்கே குடியிருக்கிறாரா? பதிவு எண்ணை யார் சரிபார்ப்பது? சரிபார்க்காமல் பணம் வாங்கினவனுக்கு என்ன தண்டனை? இந்த மூன்றாவது கேள்விக்குப் பதில் இல்லாத விதி வெறும் காகிதம். பதில் உள்ள விதியோ, உழைப்பவன் தலைக்கு மேலுள்ள கூரைக்கு ஒரு முட்டு!