நிற்கும் வண்டியின் கதவு

ஓடுகிற வண்டியினால் நேரும் அபாயத்தைப் பற்றி எல்லோரும் பேசுகிறார்கள். நிற்கிற வண்டியினால் நேரும் அபாயத்தைப் பற்றிப் பேசுவோர் வெகு சொற்பம். சாலையோரத்தில் மோட்டாரை நிறுத்திய கனவான் ஒருவர், பின்னால் வருவது யாரென்று பாராமல் கதவைத் தள்ளித் திறக்கிறார். சைக்கிளில் வருகிறவன் அதில் மோதி விழுகிறான். அல்லது மோதாமலிருக்கும்பொருட்டுச் சடக்கென்று வலப்பக்கம் ஒதுங்குகிறான். வேறிடங்களில் இது கைகால் முறிவதோடு போகலாம். சடையங்குப்பத்தைச் சூழ்ந்த சாலைகளிலோ, வலப்பக்கம் ஒதுங்குகிறவனுக்கு அடுத்தாற்போல் இருப்பது நாற்பதடிப் பெட்டியைச் சுமந்து வரும் டிரெயிலரின் சக்கரம்.

சடையங்குப்பம் 2011-ம் வருஷத்தில்தான் சென்னை மாநகராட்சியுடன் சேர்க்கப்பட்டது. 2015-லும் 2021-லும் வெள்ளம் புகுந்தபோது இவ்வூரின் பெயர் பத்திரிகைகளில் அடிபட்டது. மற்ற நாட்களில் இதை நினைப்பாரில்லை. ஒரு புறம் மணலியின் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை. மறு புறம் எண்ணூர். சென்னைத் துறைமுகத்துக்கும், 2001-ல் வேலை தொடங்கிய எண்ணூர்த் துறைமுகத்துக்கும் செல்லும் பெட்டி லாரிகள் இப்பிரதேசத்துச் சாலைகளையே நம்பியிருக்கின்றன. துறைமுக வாயிலில் தாமதம் நேர்ந்தால் அவை சாலையோரத்தில் வரிசையாக நின்றுவிடும். அவ்வரிசைக்கும் ஓடுகிற லாரிகளுக்கும் இடையே எஞ்சிய சந்தில்தான் தொழிலாளி வேலைக்குப் போய் வர வேண்டும்.

மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் வருகிற மோட்டார் சைக்கிள் ஒரு விநாடியில் சுமார் 27 அடி கடக்கிறது. அபாயத்தைக் கண்டு பிரேக்கை அழுத்துவதற்கே ஏறக்குறைய ஒரு விநாடி வேண்டும். கதவு திறப்பதற்கு அவ்வளவு நேரமும் வேண்டியதில்லை. இருபதடி தூரத்தில் வருகிறவன் எத்தனை சமர்த்தனாயினும் என் செய்வான்? நிற்கும் வண்டிகளிலிருந்து நான்கடி விலகிச் செல் என்று அவனுக்கு உபதேசிப்போர் உண்டு. நல்ல உபதேசந்தான், அந்த நான்கடியில் டிரெயிலர் வந்துகொண்டிருக்கிறதே! ஆகையால் பொறுப்பு வண்டிக்குள் உட்கார்ந்திருப்பவரைச் சேர்ந்தது என்பதே நமது அபிப்பிராயம்.

செய்ய வேண்டியதோ அற்பக் காரியம். நம்மைப் போலவே சாலையின் இடப்பக்கம் ஓட்டும் இங்கிலாந்தில், 2022 ஜனவரியில் திருத்திய சாலை விதிகளில் ஒரு முறையைச் சொல்லியிருக்கிறார்கள். வலப்பக்கக் கதவை இடக்கையால் திறக்க வேண்டும். அப்படிச் செய்தால் உடல் தானாகவே திரும்புகிறது. கண் பின்புறத்தைப் பார்த்தே தீரும். கண்ணாடியில் தெரியாத மூலையும் அப்பொழுது தெரியும். டச்சுக்காரர் பழக்கம் என்று அதற்குப் பெயர் வழங்குகிறது. பெயர் எவருடையதாயினும் நமக்கென்ன? கையும் கழுத்தும் நம்முடையவை, காசு செலவில்லை. இறங்கியதும் கதவைச் சாத்திவிட்டு, வருகிற வண்டிகளை எதிர்நோக்கியவாறு வண்டியின் பின்புறமாகச் சுற்றி வர வேண்டும். குழந்தைகளை எப்பொழுதும் இடப்பக்கமாகவே இறக்க வேண்டும். அந்தப் பக்கத்திலும் பார்வை அவசியம். நமது ஊர்களில் இடுக்குக் கண்ட இடத்திலெல்லாம் இரு சக்கர வண்டி நுழைந்துவிடும் என்பது நேயர்கள் அறிந்ததே.

லாரிக்காரருக்குக் கஷ்டம் அதிகம். உயரமான கூண்டிலிருந்து இறங்குகிறவர் கைப்பிடியைப் பற்றிக்கொண்டு சாலைக்கு முதுகைக் காட்டியே இறங்க வேண்டியிருக்கிறது. கூடுமானவரை இடப்பக்கக் கதவாலேயே அவர் இறங்குவது நலம். ஆனால் தண்ணீருக்கும் கக்கூசுக்கும் வசதியில்லாமல் மணிக்கணக்காகத் தெருவில் காத்துக் கிடப்பவரை மட்டும் குற்றம் சொல்வது நியாயமாகாது. லாரிகள் நிற்பதற்குச் சாலைக்கு வெளியே போதிய இடம் அளிக்கத் துறைமுக அதிகாரிகளும் மாநகராட்சியாரும் கடமைப்பட்டவர்கள்.

சட்டம் இல்லாமலில்லை. அபாயம் விளையும்படி வண்டியை நிறுத்திவைக்கக் கூடாதென்று 1988-ம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டத்தின் 122-வது பிரிவு விதிக்கிறது. 2024 ஜூலை முதல் அமலிலுள்ள நியாய சம்ஹிதையின் 106-வது பிரிவின்படி, கவனக்குறைவினால் ஒருவருக்கு மரணம் விளைவிப்பவர் எவராயினும் ஐந்து வருஷம் வரை சிறை செல்ல நேரும். பின்ஸீட்டில் அமர்ந்து வந்த பிரயாணி, "நான் ஓட்டவில்லையே" என்று இதிலிருந்து தப்பிவிட முடியாது. ஆயினும் உயிர் போன பிறகு விதிக்கப்படும் தண்டனை அந்தத் தொழிலாளியின் வீட்டில் அடுப்பு மூட்டுமா?

லைசென்சுப் பரீட்சையில் வண்டியை எட்டுப் போலச் சுற்றச் சொல்லிப் பார்க்கும் உத்தியோகஸ்தர்கள், பரீட்சை முடிந்து அந்த மனிதர் வண்டியிலிருந்து எப்படி இறங்குகிறார் என்பதையும் கவனிக்கட்டும். திரும்பிப் பாராமல் கதவைத் திறக்கிறவருக்கு அன்றைக்கு லைசென்சு கொடுக்க வேண்டாம். ஆலைகளில் ஷிப்டு மாறும் வேளைகளிலாவது மணலி, எண்ணூர்ச் சாலைகளின் ஓரத்தில் லாரி வரிசை நிற்காதபடி போலீஸார் உடனே ஏற்பாடு செய்ய வேண்டும்.