இழுப்பறை யாருக்காக?

காலையில் கடற்கரைச் சாலையில் நடக்கும் எங்கள் கூட்டத்தில் ஓய்வு பெற்ற இன்ஜினீயர் ஒருவர் இருக்கிறார். போன வாரம் தன் கைபேசியில் ஒரு படத்தைக் காட்டினார். ஏழு இழுப்பறை வைத்த சிவப்பு இரும்புப் பெட்டி. ஒவ்வொரு இழுப்பறையிலும் கறுப்பு ஸ்பாஞ்ச் விரித்து, கருவியின் உருவத்துக்கு அச்சாகக் குழி வெட்டி, ஒவ்வொன்றையும் அதில் பதித்திருக்கிறார். ஸ்பேனர்கள் பள்ளிக்கூட போட்டோவில் உயர வரிசைப்படி நிற்கும் பிள்ளைகள் மாதிரி நின்றன. எல்லோரும் ஆகா என்றார்கள். நான் சொல்லவில்லை. "ஏன் சார் உங்களுக்குப் பிடிக்கலையா?" என்று கேட்டார். நடந்துகொண்டே சொல்லக்கூடிய பதில் இல்லை என்பதால் இங்கே எழுதுகிறேன். அவரும் இதைப் படிப்பார். படிக்கட்டும்.

பிடிக்கவில்லை, சார். உங்கள் உழைப்பு பிடித்திருக்கிறது, உங்கள் கொள்கை பிடிக்கவில்லை. நம் வயதுக்காரர்கள் பலர் வேலையிலிருந்து விடுபட்டதும் இதே காரியத்தில் இறங்குகிறார்கள். முப்பது வருஷமாகச் சாக்கில் கிடந்த சுத்தியலுக்கும் குறட்டுக்கும் திடீரென்று அரண்மனை கட்டுகிறார்கள். கட்டுவது யாருக்கு என்பதுதான் என் கேள்வி.

நான் பிரெஞ்சு வழியில் படித்தவன். இழுப்பறைக்கு அங்கே 'திர்வார்' என்று பெயர். 'திரே' என்றால் இழு; அதிலிருந்து வந்த சொல். தமிழிலும் இழுப்பறை. ஆங்கிலத்தில் டிராயர் என்பதும் இழுப்பதை வைத்துத்தான். மூன்று பாஷைக்காரனும் கலந்து பேசாமலே ஒரே பெயரை வைத்திருக்கிறான். அடுக்கும் அறை என்றோ காட்டும் அறை என்றோ ஒருவனும் பெயர் வைக்கவில்லை. அவசரத்தில் இழுக்கிறவனுக்காகச் செய்த சாமான் அது. ஆகவே ஒரு இழுப்பறை நன்றாக அடுக்கப்பட்டிருக்கிறதா என்று அடுக்கியவரைக் கேட்கக் கூடாது. வேறொருவர் வந்து, இருட்டில், பதற்றத்தில் இழுத்தால் வேண்டியது கைக்கு வருகிறதா என்று பார்க்க வேண்டும். அந்தப் பரீட்சையில் உங்கள் சிவப்புப் பெட்டி தேறாது.

ஸ்பாஞ்சில் குழி வெட்டுவது மோசமான யோசனை என்று நான் சொல்ல மாட்டேன். விமானம் பழுது பார்க்கும் இடங்களில் அதற்கு நியாயம் இருக்கிறது. ஷிப்ட் முடியும்போது ஒரு குழி காலியாக இருந்தால் ஒரு ஸ்பேனர் இன்ஜினுக்குள் கிடக்கிறது என்று அர்த்தம். அது கிடைக்கும்வரை விமானத்தைக் கிளப்ப மாட்டார்கள். என் அப்பா மில்லில் ஃபிட்டர். அங்கே டூல் ரூமில் ஒரு சாமானை எடுத்தால் அவர் நம்பர் போட்ட பித்தளை டோக்கனை அந்தக் கொக்கியில் மாட்டிவிட்டு எடுக்க வேண்டும் என்று சொல்வார். அதுவும் அதே புத்திதான். ஒரு கருவியை நூறு பேர் எடுக்கிற இடத்தில் யார் கொண்டுபோனார்கள் என்று தெரிய வேண்டும். முத்தியால்பேட்டையில் இரண்டு பேர் வாழ்கிற வீட்டுக்கு இந்தக் கணக்கு எதற்கு? உங்கள் வீட்டு மிக்ஸி ஆகாயத்தில் பறக்கப் போகிறதா?

ஜப்பான்காரன் சொன்ன ஐந்து 'எஸ்' என்று நீங்கள் ஆரம்பிப்பீர்கள், தெரியும். அதில் முதல் சொல் 'செய்ரி': வேண்டாததை வெளியே போடு. இரண்டாவதுதான் 'செய்டோன்': இருப்பதற்கு இடம் கொடு. நம்மவர்கள் முதலாவதைத் தாண்டிக் குதித்து இரண்டாவதில் உட்கார்ந்துவிடுகிறார்கள். 46 துண்டு சாக்கெட் செட் ஒன்று எல்லார் வீட்டிலும் இருக்கிறது. யாராவது பிறந்தநாளுக்குக் கொடுத்திருப்பார்கள். நாலு மில்லிமீட்டரிலிருந்து பதினாலு வரை வரிசையாக இருக்கும். எட்டு, பத்து, பதிமூன்று தவிர மற்றதைக் கடைசியாக எப்போது தொட்டீர்கள்? ஆறு மில்லிமீட்டர் போல்ட்டின் தலைக்குப் பத்து, எட்டு மில்லிமீட்டர் போல்ட்டுக்குப் பதிமூன்று. வீட்டில் இருப்பவை பெரும்பாலும் இந்த இரண்டு போல்ட்டுகள்தான். உழைக்கிற மூன்று பேரும் சும்மா இருக்கிற பத்துப் பேருக்கு நடுவே நெருக்கியடித்து நிற்கிறார்கள். சில அலுவலகங்களின் ஞாபகம் வருகிறது.

அலுவலகம் என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். நான் வேலை பார்த்த ஓர் இடத்தின் ரெக்கார்டு ரூமில் பழைய ஃபைல்களைச் சிவப்புத் துணியில் மூட்டையாகக் கட்டி அலமாரியில் வைத்திருந்தார்கள். இன்ஸ்பெக்ஷனுக்கு மேலதிகாரி வருகிறார் என்று ஒருவர் எல்லா மூட்டைகளையும் பருமன் வாரியாக அடுக்கினார். பெரியது கீழே, சின்னது மேலே, கோயில் கோபுரம் மாதிரி. அதிகாரி பார்த்து மெச்சிவிட்டுப் போனார். மறு வாரம் ஒரு கிழவி, புருஷனின் சர்வீஸ் விவரம் கேட்டு வந்தார், குடும்பப் பென்ஷனுக்காக. ஃபைலைக் கண்டுபிடிக்கப் பதினோரு நாள் ஆனது. தினமும் வந்து வராந்தாவில் உட்கார்ந்திருந்தார். ஒரு குமாஸ்தா சரியாக வேலை செய்தாரா என்பது அவர் மாற்றலாகிப் போன பிறகு, அவர் நாற்காலியில் உட்காருகிறவனுக்குத்தான் தெரியும். அவர் இருக்கும்வரை எல்லாம் அவர் தலைக்குள் இருக்கிறது. கேட்டால் எடுத்துக் கொடுத்துவிடுவார்.

கருவிப் பெட்டியும் அப்படித்தான். நம் வீடுகளில் இந்தப் பெட்டியைத் திறக்கிறவர் ஒரே ஒருவர். அந்த ஒருவருக்கு எழுபது தாண்டிவிட்டது. இதைச் சொல்ல யாருக்கும் வாய் வருவதில்லை.

எங்கள் தெருவில் ஒருவர் இருந்தார். அருமையான மனிதர், கைவேலைக்காரர். அவரிடமும் இழுப்பறைப் பெட்டி இருந்தது, ஒவ்வொன்றின் முகப்பிலும் சீட்டு ஒட்டியிருப்பார். ஒன்றில் '6 - 22' என்று இருக்கும். இன்னொன்றில் 'விட்வொர்த்' என்று இருக்கும். 1841இல் திருகாணிக்குப் பொதுவான மரை அளவு வகுத்த இங்கிலீஷ்காரரின் பெயர் அது. (மீட்டரை 1795இல் சட்டமாக்கிய நாட்டின் பாடத்தைப் படித்தவன் என்பதால் அந்த அங்குலக் கணக்கின் மேல் எனக்குக் கொஞ்சம் இளப்பம் உண்டு, அது வேறு விஷயம்.) அவர் காலமான மூன்றாம் மாதம், இரவு பத்து மணிக்கு, அந்தம்மா வீட்டில் சமையலறைக் குழாயின் தலை பிடுங்கிக்கொண்டு தண்ணீர் பீறிட்டது. மாடித் தொட்டியிலிருந்து வரும் கேட் வால்வை அடைக்க வேண்டும். அதன் சக்கரம் எப்போதோ உடைந்துவிட்டது; தண்டைக் குறடால் பிடித்துத் திருப்பினால் போதும். அவர் அப்படித்தான் திருப்புவார் என்பதும் அந்தம்மாவுக்குத் தெரியும். குறடு எந்த இழுப்பறையில் என்பதுதான் தெரியவில்லை. விட்வொர்த் யார் என்று அவருக்குத் தெரிய என்ன அவசியம்? ஏழையும் இழுத்துப் பார்த்துவிட்டுக் கூடத்தில் கணுக்கால் தண்ணீரில் நின்றபடி என் வீட்டுக்குப் போன் செய்தார். தொட்டியில் இருந்த தண்ணீர் அத்தனையும் வீட்டுக்குள் போனது. ஒரு மாதம் கழித்து அந்தப் பெட்டியைச் சாமான்களோடு பழைய இரும்புக் கடைக்கு எடைக்குப் போட்டுவிட்டார். நான் தடுக்கவில்லை. எந்த முகத்தோடு தடுப்பது? வீட்டிலேயே இருந்தும் ஆபத்துக்கு உதவாத இரும்பு அது.

அந்த மனிதர் அலட்சியக்காரர் இல்லை. அவருடைய அடுக்கில் ஒரு பிசகும் கிடையாது. சாமான்களை அவர் இனம் பிரித்தார், அளவு பிரித்தார். என்ன வேலைக்கு என்று பிரிக்கவில்லை. அங்கேதான் எல்லாம் கெட்டது.

திதெரோவும் தலம்பேரும் கொண்டுவந்த 'ஆன்சிக்ளோப்பெதி' என்ற பெரிய நூலைப் பற்றிப் பள்ளியில் சொல்வார்கள். 1751இல் முதல் பாகம் வந்தது. பின்னால் வந்த படத் தொகுதிகள் மட்டும் பதினொன்று. தச்சன், கொல்லன், கண்ணாடி ஊதுகிறவன் என்று ஒவ்வொரு தொழிலுக்கும் படங்கள். பல படங்களில் மேல் பாதியில் பட்டறையும் அதில் வேலை செய்யும் ஆட்களும் இருப்பார்கள். கீழ்ப் பாதியில் அதே தொழிலின் கருவிகள் தனித்தனியாக. சுத்தியல்களை எல்லாம் ஒரு பக்கம், அரங்களை எல்லாம் ஒரு பக்கம் என்று அவர்கள் கட்டிவைக்கவில்லை. மேலே வேலை, கீழே அதற்கான சாமான். இருநூற்று ஐம்பது வருஷத்துக்கு முந்தைய அந்த ஏற்பாட்டை விடத் தெளிவான இழுப்பறைத் திட்டம் நான் பார்த்ததில்லை.

எங்கள் வீட்டில் நான்கு இழுப்பறைதான். மேலே இருப்பது தண்ணீர். குறடு ஒன்று, ஸ்க்ரூ ஸ்பேனர் ஒன்று, டெஃப்ளான் டேப், அரை அங்குல வாஷர்கள், பழைய குழாய்த் தலை ஒன்று. (பிரெஞ்சில் அந்த ஸ்பேனரை 'ஆங்கிலச் சாவி' என்பார்கள். எந்த நட்டுக்கும் தன்னை மாற்றிக்கொள்கிறவன் என்பதால் அப்படிப் பெயர் வைத்தார்களோ என்று நாங்கள் வகுப்பில் சிரிப்போம்.) இரண்டாவது கரண்ட்: டெஸ்டர், இன்சுலேஷன் டேப், ஃப்யூஸ் கம்பி, கட்டிங் ப்ளேயர், சின்னத் திருப்புளி. மூன்றாவது கதவு, ஜன்னல்: கீல், தாழ்ப்பாள், திருகாணி, பெரிய திருப்புளி, உளி, அரம். முகப்பில் நம்பர் இல்லை. ஒரு குழாய், ஒரு பல்பு, ஒரு கதவு என்று வரைந்து ஒட்டியிருக்கிறது, வரைந்தது பேத்தி. குழாய் கொஞ்சம் யானை மாதிரி இருக்கிறது, ஆனால் யாருக்கும் சந்தேகம் வந்ததில்லை.

"குறடு தண்ணீருக்கும் வேண்டும், கரண்டுக்கும் வேண்டுமே, எதில் வைப்பது?" என்று கேட்பீர்கள். இரண்டு வாங்குங்கள், சார். அந்த ஸ்பாஞ்சுக்கும் சிவப்புப் பெட்டிக்கும் கொடுத்த காசில் குறடும் திருப்புளியும் இன்னொரு ஜோடி வாங்கி மிச்சமும் இருக்கும். ஒரே பொருள் இரண்டு இடத்தில் இருப்பது ஒழுங்கீனம் என்று இன்ஜினீயர் மனசு துடிக்கலாம். வீட்டில் மூக்குக் கண்ணாடி எத்தனை இடத்தில் வைத்திருக்கிறீர்கள்?

ஆழமான இழுப்பறையில் ஒன்றின் மேல் ஒன்று போடுவது இன்னொரு வியாதி. மேலே இருப்பதுதான் இருக்கிறது. அடியில் இருப்பது இல்லாததற்குச் சமம். அரங்கள் ஒன்றோடொன்று உரசினால் பல் மழுங்கும். உளியின் வாயைத் துணியால் சுற்றாமல் போட்டால் தேடுகிறவன் விரல் போகும். ரசமட்டத்தை சுத்தியலுக்கு அடியில் போடுகிறவரிடம் பேசிப் பிரயோஜனமில்லை. கனமான சாமான் கீழ் அறையில் இருக்கட்டும். மேல் அறையில் கனத்தை வைத்து முழுக்க இழுத்தால் பெட்டியே முன்னால் சாயும், காலடியில் பேரப்பிள்ளை நின்றால் என்ன ஆகும் என்று நான் எழுத வேண்டியதில்லை.

ஸ்பாஞ்சைப் பற்றி இன்னும் ஒரு வார்த்தை. நாம் இருப்பது உப்புக் காற்றில். ஸ்பாஞ்ச் ஈரத்தைக் குடித்து வைத்துக்கொள்ளும். அதில் பதிந்து கிடக்கும் இரும்பின் அடிப்பக்கம் துருப்பிடிப்பது மேலே பார்க்கும் கண்ணுக்குத் தெரியாது. மேலே பளபள, கீழே செம்மண். தையல் மெஷின் எண்ணெய் இரண்டு சொட்டு ஒரு துணியில் விட்டுத் துடைத்து, மரப்பலகை மேலோ வெறும் தகரத்திலோ வையுங்கள். தேங்காய் எண்ணெய் வேண்டாம், நாளானால் பிசுக்காகி அழுக்கைப் பிடிக்கும். ஒரு கற்பூர வில்லை போட்டுவைப்பது பழைய மெக்கானிக்குகள் பழக்கம்.

பெட்டியோடு வந்த பூட்டையும் கழற்றிவிடுங்கள். பேரன் கையில் உளி அகப்படக் கூடாது என்றால் உளியை மட்டும் உயரத்தில் வையுங்கள். குறட்டுக்கு எதற்குப் பூட்டு? திருடன் வந்து குழாய் ரிப்பேர் செய்துவிட்டுப் போவானென்றா?

நான்காவது இழுப்பறையைச் சொல்லாமல் விட்டேன். அது புயலுக்கு. 2011 டிசம்பர் 30 விடியற்காலையில் தானே அடித்தபோது ஜன்னல் கதவு கழன்று ஆடியதும், கரண்ட் இல்லாத இருட்டில் ஆணியைத் தேடி நாம் தடவியதும் உங்களுக்கும் நினைவிருக்கும். 2024 நவம்பர் 30இல் ஃபெஞ்சல் வந்தபோது தேடவில்லை. சுத்தியல், மூன்று அங்குல ஆணி, கட்டுக்கம்பி, நைலான் கயிறு, மெழுகுவத்தி, தீப்பெட்டி பிளாஸ்டிக் பையில், டார்ச். இந்த அறையை என் மனைவிதான் அடுக்கினார். நான் கை வைப்பதில்லை. டார்ச்சுக்குள் பேட்டரியை விட்டுவைத்தால் கசிந்து உள்ளே அரித்துவிடும் என்று கழற்றி, ரப்பர் பேண்ட் போட்டுப் பக்கத்தில் வைத்திருக்கிறார். ஐப்பசி பிறப்பதற்குள் புதிதாக இரண்டு வாங்கி வரச் சொல்லியிருக்கிறார்.