கைவேலைப் பக்கம்: பட்டம் கட்டப் பழகுவோம்



மார்கழி பிறந்து வாடைக்காற்று நிமிர்ந்துவிட்டால் எங்கள் கொடிகாமத்துப் பிள்ளைகளுக்குப் பார்வை எல்லாம் வானத்தில்தான். "அம்மா, பட்டம் கட்டித் தாங்கோ" என்று கேட்பார்கள். கட்டிக்கொடுக்கத் தகப்பனோ மாமனோ இல்லாத வீடுகள் இங்கே எத்தனையோ உண்டு. பட்டம் ஆம்பிளையளின் வேலை என்று ஒரு பேச்சும் இருக்கிறது. நான் அதை ஏற்றுக்கொள்வதில்லை. ஓலை வார்ந்து பெட்டி இழைக்கிற கைக்கு மூங்கில் சீவுவது பெரிய வித்தையா?

கொக்கு, பிராந்து, எட்டுமூலை என்று பட்டங்கள் பல. பழகுபவர்கள் நாலுமூலைப் பட்டத்தில் தொடங்குங்கள். மிகச் சிறிய பிள்ளைக்குத் தென்னை ஈர்க்கும் கொப்பி ஒற்றையும் போதும். கொஞ்சம் பெரியது என்றால் காய்ந்த மூங்கிலில் இரண்டு குச்சி சீவவேண்டும். நிற்கும் குச்சி இரண்டு அடி, குறுக்குக் குச்சி இருபது அங்குலம். குறுக்குக் குச்சியின் நடுவில் நூலைக் கட்டித் தூக்கிப் பாருங்கள். ஒரு பக்கம் தாழ்ந்தால் அந்தப் பக்கத்தை இன்னும் சீவவேண்டும். தராசு போலச் சமமாக நிற்கும் வரைக்கும் இதை விடக்கூடாது. முழு வேலையிலும் பொறுமை வேண்டிய இடம் இதுதான். இங்கே அவசரப்பட்டால் பட்டம் ஒரு பக்கமாகச் சாய்ந்து சாய்ந்து விழும்.

நிற்கும் குச்சியின் தலையிலிருந்து அரை அடி கீழே குறுக்குக் குச்சியை வைத்து இறுக்கிக் கட்டுங்கள். நாலு நுனியையும் சுற்றி நூல் ஓட்டுங்கள். ரிசுத்தாளை அரை அங்குலம் கூட விட்டு வெட்டி, நூலின் மேல் மடித்து ஒட்டினால் சரி. பசைக்குக் கோதுமை மாவைத் தண்ணீரில் கரைத்துக் காய்ச்சினால் போதும், கடைப் பசைக்குக் காசு கொடுக்க வேண்டாம்.

அடுத்தது முச்சை. குறுக்குக் குச்சியின் இரு பக்கத்திலிருந்தும் இரண்டு நூல், நிற்கும் குச்சியின் கீழ்ப்பக்கத்திலிருந்து ஒரு நூல் எடுத்து மூன்றையும் ஒன்றாக முடியவேண்டும். பட்டம் எழும்பாமல் பின்னுக்கு இழுபட்டால் முடிச்சைத் தலைப்பக்கமாக அரை விரல் நகர்த்துங்கள். அதற்கு மேல் ஒரேயடியாக நகர்த்தக் கூடாது.

வாலுக்குப் பழஞ்சேலைக் கரை நல்லது. பட்டத்தின் நீளத்தைப் போல ஐந்து ஆறு மடங்கு விடலாம். அம்பின் பின்புறம் இறகு கட்டுவது எதற்காகவோ, பட்டத்துக்கு வால் கட்டுவதும் அதற்காகவே. பின்பக்கத்தைக் காற்றுப் பிடித்து இழுப்பதால் முகம் நேரே நிற்கிறது. பட்டம் சுழன்றால் வாலை நீட்டுங்கள், பாரத்தில் எழும்பாவிட்டால் குறையுங்கள்.

விண் பூட்டுவதைப் பற்றியும் கேட்பீர்கள். அது ஒரு சின்ன வில்லுத்தான். நாணுக்குப் பதிலாக நாரோ, பொதி கட்டும் நாடாவோ காற்றில் அதிர்ந்து கூவும். இரவில் பனையில் கட்டிவிட்ட பட்டத்தின் விண்கூவலைக் கேட்டபடி தூங்குவது ஒரு தனிச் சுகம். ஆனால் அந்தப் பாரத்தைத் தாங்கப் பெரிய பட்டம் வேண்டும். அடுத்த வருடத்துக்கு விடுவோம்.

நாலைந்து கட்டிக் கை பழகினால் பொங்கலுக்கு முந்திய கிழமைகளில் கொடிகாமம் சந்தையில் விற்றுப் பார்க்கலாம். தாள், நூல், மூங்கில் செலவோடு உங்கள் நேரத்தையும் கணக்கில் போடுங்கள். வல்வெட்டித்துறைக் கடற்கரையில் போட்டிப் பட்டங்கள் ஏறுவதும் தைப்பொங்கலன்றுதான். அதன் பிறகு கேள்வி குறைந்துவிடும், கட்டிக் குவிக்க வேண்டாம்.

நூலைப் பிள்ளையின் கையில் கொடுக்கு முன் இடத்தைப் பாருங்கள். மின்கம்பிக்கும் ரயில் பாதைக்கும் பக்கத்தில் வேண்டாம். 2014 ஒக்டோபரில் பளையிலிருந்து யாழ்ப்பாணத்துக்கு ரயில் திரும்ப ஓடத் தொடங்கியபின் தண்டவாளம் விளையாட்டிடம் அல்ல. கம்பியில் சிக்கியதைத் தடியால் இழுக்க விடாதீர்கள். வீதிக்குக் குறுக்கே போன தங்கூசி கண்ணுக்குத் தெரியாது, மோட்டார் சைக்கிளில் வருபவரின் கழுத்தை வெட்டும்.

இன்னொன்று, எங்களுக்கே உரியது. பட்டம் அறுத்துக்கொண்டு போனால் பிள்ளை அண்ணாந்து பார்த்தபடி ஓடும், நிலத்தைப் பாராது. 2000 ஆம் ஆண்டுச் சண்டையில் தென்மராட்சி இடம்பெயர்ந்ததையும், முகமாலைப் பக்கம் வருடக்கணக்காக முன்னரங்காக இருந்ததையும் நாங்கள் மறக்கவில்லை. 2009 இற்குப் பின்னும் பல ஆண்டுகள் அங்கே கண்ணிவெடி அகற்றினார்கள். ஹலோ ட்ரஸ்ட் போன்ற நிறுவனங்களில் முழங்காலில் இருந்து அந்த வேலையைச் செய்தவர்களில் எங்கள் பெண்களும் பலர். அதை அறியாமல் பிறந்த பிள்ளைகள்தான் இன்று பட்டம் விடுகிறார்கள். ஆகவே எச்சரிக்கைப் பலகை உள்ள காணிக்கும், ஆளில்லாப் பற்றைக்கும் பட்டத்தின் பின்னால் போகக்கூடாது என்று முதலே சொல்லிவையுங்கள். "போனால் போகட்டும், அம்மா வேறை கட்டித் தருவன்" என்று சொல்லுங்கள். அதற்காக இரண்டு குச்சியும் ஒரு தாளும் எப்போதும் வீட்டில் மிச்சம் இருக்கட்டும்.