பழுதான காரே கதாநாயகன்

டெல்லித் தமிழ்க் கல்விக் கழகப் பள்ளியொன்று இயங்கும் ஜனக்புரியில் நடிகர் அஜித்தின் ரசிகர்களுக்கா பஞ்சம்? 2025 அவர்களுக்கு விசித்திரமாகத்தான் தொடங்கியது. ஜனவரியில் துபாய் 24 மணி நேரப் பந்தயத்தில் அவர் அணி போர்ஷே 992 பிரிவில் மூன்றாவதாக வந்தது. பிப்ரவரி 6இல் வந்த ‘விடாமுயற்சி’யிலோ அவர் கார் அஜர்பைஜான் நெடுஞ்சாலையில் பழுதாகி நிற்கிறது.

பலருக்கு ஏமாற்றம். ஆனால் கார்ப் பைத்தியம் பிடித்த ரசிகர் அந்தப் படத்தைத்தான் கொண்டாட வேண்டும். 1997இல் வந்த ஹாலிவுட் படமான ‘பிரேக்டவுன்’ தந்த கரு அது: வண்டி நின்றதும் மனைவி காணாமல் போகிறாள், கதை ஓடத் தொடங்குகிறது. இதற்கு நேர்மாறாக, 2001இல் தெருப் பந்தயத்தோடு தொடங்கிய ‘ஃபாஸ்ட் அண்ட் ஃபியூரியஸ்’ வரிசை, 2021இல் ஒன்பதாம் படத்தில் பான்டியாக் ஃபியரோவை விண்வெளிக்கே அனுப்பிவிட்டது. அங்கே கியருக்கும் டயருக்கும் என்ன வேலை?

கார் நிற்கப் பழுதுதான் வேண்டும் என்றில்லை: டெல்லியில் 10 ஆண்டு கடந்த டீசல், 15 ஆண்டு கடந்த பெட்ரோல் வண்டிகளுக்கான தடையை 2018இல் உச்ச நீதிமன்றமும் வலியுறுத்தியது. நன்றாக ஓடும் பழைய ஜிப்ஸியை வெளிமாநிலத்துக்கு விற்றுவிட்டு மெட்ரோ ஏறுபவனின் கதையை இன்னும் எந்தப் பெரிய நடிகரும் கேட்டதாகத் தெரியவில்லை.