மாவுச்சத்தும் நன்னீரும்

அந்தமானில் ஆண்டுக்கு ஏறத்தாழ 3,000 மி.மீ. மழை பெய்தாலும், சனவரி முதல் ஏப்ரல் வரை நன்னீர் அரிதாகிவிடுகிறது. நெல்லுக்குப் பின் விதைக்கப்படும் பாசிப்பயறு அறுவடையாவதும் அவ்வறட்சிக் காலத்தில்தான்.

பயற்றிலிருந்து மாவுச்சத்தைப் பிரிக்க ஊறவைத்தல், அரைத்தல், வடித்தல், புரதம் நீங்கும்வரை திரும்பத் திரும்பக் கழுவுதல் என ஒவ்வொரு படிநிலைக்கும் நீர் வேண்டும். நம் ஆய்வேடுகளோ பெரும்பாலும் பிரித்தெடுத்த விழுக்காடு, அமைலோசு அளவு, கூழாகும் வெப்பநிலை ஆகியவற்றோடு நின்றுவிடுகின்றன. அவை தேவையே, தானிய மாவுச்சத்தைவிடப் பயற்று மாவுச்சத்து மெதுவாகச் செரிப்பதன் காரணம் அவற்றில்தான் புலப்படுகிறது. ஆயினும், ஒரு கிலோ மாவுச்சத்துக்கு எத்தனை லிட்டர் நன்னீர் செலவாயிற்று என்பதையும் அட்டவணையில் சேர்க்க வேண்டும்.

தூய்மை குறைந்தாலும், நுண்ணிதாக அரைத்துக் காற்றால் பிரிக்கும் உலர்முறையே தீவுக்குப் பொருந்தலாம். அந்த எண் இல்லாமல் அதை எவ்வாறு முடிவுசெய்வது?