விருந்தாளியா, வேவுகாரனா?

இல்லந்தோறும் கணிப்பொறி இடம்பெற்றுவிட்ட காலம் இது. அதனுடன் ஓர் அச்சமும் இல்லந்தோறும் குடிபுகுந்துள்ளது. ‘குக்கி என்று ஏதோ வந்து உட்கார்ந்துகொள்கிறதாம், கணிப்பொறியையே கெடுத்துவிடுமாம்’ என்பர் ஒரு சாரார். ‘விளம்பரம் காட்டுவதற்காக ஏதோ குறித்துக்கொள்கிறார்கள், அதனால் நமக்கென்ன குடிமுழுகிவிடப் போகிறது?’ என்பர் மறு சாரார். நம் விடுதியில் இரு கட்சிக்கும் ஆள் உண்டு. இரண்டு கட்சியும் பாதி உண்மையைத்தான் பேசுகின்றன என்பது என் கருத்து. நான் பொருளியல் மாணவன். கணிப்பொறி வல்லுநன் அல்லன். ஆயினும் படித்தறிந்த சிலவற்றைத் தோழர்கள் முன்னும் ஆசிரியப் பெருமக்கள் முன்னும் வைக்க விழைகிறேன்.

முதலில் குக்கியின் பிறப்பைப் பார்ப்போம். 1994ஆம் ஆண்டு, அமெரிக்காவின் நெட்ஸ்கேப் நிறுவனத்தில் பணியாற்றிய லூ மான்டுல்லி என்பவர் இதனை உருவாக்கினார். இணையதளத்துக்கு இயல்பாக நினைவாற்றல் கிடையாது. ஒரு பக்கத்திலிருந்து மறு பக்கத்துக்குப் போனால், முன்பு வந்தவர்தாமா இவர் என்று அதற்குத் தெரியாது. இணையக் கடையில் ஒருவர் எடுத்துவைத்த பொருள்களை நினைவில் கொள்ள ஒரு வழி வேண்டியிருந்தது. எனவே அவருடைய கணிப்பொறியிலேயே ஒரு சிறு குறிப்பை எழுதி வைத்து, அவர் மறுபடி வரும்போது அதை வாங்கிப் பார்த்துக்கொள்ளும் முறை வகுக்கப்பட்டது. மளிகைக் கடைக்காரர் பற்று நோட்டை வாடிக்கையாளர் கையிலேயே கொடுத்தனுப்புவாரே, அதைப் போன்றது இது. அதன் அளவு ஏறத்தாழ 4 கிலோபைட்டுக்கு மேற்படாது. அது வெறும் எழுத்து. தானாக இயங்காது, கோப்புகளை அழிக்காது, வைரஸைப் போலப் பெருகாது. ஆகவே குக்கியால் கணிப்பொறி கெடும் என்ற அச்சம் வீண் அச்சமே.

அப்படியானால் வழக்கு முடிந்ததா? இல்லை. பற்று நோட்டை மளிகைக் கடைக்காரர் பார்ப்பதில் தவறில்லை. ஆனால் மளிகைக் கடை, மருந்துக் கடை, புத்தகக் கடை, அடகுக் கடை என்று ஊரிலுள்ள கடைதோறும் ஒருவரே மறைந்து நின்று, நாம் எங்கே போனோம், எதை விசாரித்தோம் என்று எழுதிக்கொண்டே இருந்தால் பொறுப்போமா? மூன்றாம் தரப்புக் குக்கி செய்வது இதைத்தான். ஒரே விளம்பர நிறுவனத்தின் படம் ஆயிரம் தளங்களில் இடம்பெறும்போது, அந்த ஆயிரம் இடங்களிலிருந்தும் நம் கணிப்பொறிக்கு இட்ட அதே அடையாள எண் அந்நிறுவனத்துக்குப் போய்ச் சேர்கிறது.

‘எண்தானே, பெயரில்லையே’ எனலாம். 1999இல் டபுள்கிளிக் என்னும் அமெரிக்க விளம்பர நிறுவனம், அஞ்சல்வழிப் பொருள் வாங்கியோரின் விவரங்களை வைத்திருந்த அபாக்கஸ் டைரக்ட் என்ற நிறுவனத்தை வாங்கியது. பெயரில்லாத எண்ணையும் பெயருள்ள பட்டியலையும் இணைப்பதே திட்டம். மக்களின் கடும் எதிர்ப்பால் 2000 மார்ச்சில் அதை நிறுத்திவைக்க வேண்டியதாயிற்று. எண்ணுக்கும் பெயருக்கும் இடையே உள்ள சுவர் எவ்வளவு மெல்லியது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

வீட்டுக் கணிப்பொறியில் இன்னொரு சங்கடமும் உண்டு. ஒரு கணிப்பொறியை வீட்டில் ஐந்து பேர் பயன்படுத்துகிறோம். தமக்கை ஒரு நோயைப் பற்றித் தேடிப் படிக்கிறார். மறுநாள் தம்பி கிரிக்கெட் செய்தியைத் திறந்தால் அந்நோய்க்கான மருந்து விளம்பரம் வந்து நிற்கிறது. வாய்விட்டுச் சொல்லாத துன்பத்தை இயந்திரம் சொல்லிவிடுகிறது. கணிப்பொறிக்கு ஒரு கேடும் இல்லை, கேடு மனிதருக்குத்தான்.

இனி, உளவு மென்பொருள். இது குறிப்புச் சீட்டன்று. வீட்டுப் பரணில் ஒளிந்திருக்கும் ஆளையே ஒக்கும். நாம் தட்டும் எழுத்தையெல்லாம் பதிவு செய்து, கடவுச்சொல்லைக் கடத்தும் வகையும் இதில் உண்டு. விளம்பரத்துக்கென்று வந்து வீட்டுக் கதவையே திறந்துவிட்ட கதை ஒன்றைச் சொல்கிறேன். 2014இல் லெனோவா நிறுவனம் விற்ற சில மடிக்கணிப்பொறிகளில் சூப்பர்ஃபிஷ் என்ற விளம்பர மென்பொருள் முன்கூட்டியே ஏற்றப்பட்டிருந்தது. வங்கித் தளங்களின் மறையாக்கப் பாதுகாப்புக்கும் நடுவில் அது புகுந்தது. அதற்காக எல்லாக் கணிப்பொறிகளிலும் ஒரே சாவியை வைத்திருந்தது. அச்சாவி அறிந்த எவரும் கேடு செய்ய வழி உண்டாயிற்று. 2015 பிப்ரவரியில் குட்டு வெளிப்பட்டது. காசு கொடுத்து வாங்கிய புதுப் பெட்டிக்கே இந்தக் கதி என்றால், நண்பரிடம் ஓசியில் வாங்கும் திருட்டு மென்பொருளுடன் என்னென்ன வருமோ, எண்ணிப் பாருங்கள்.

‘விளம்பரம் இல்லாவிட்டால் இலவசச் செய்தியும் இல்லையே’ என்ற வாதத்தை நான் ஒதுக்கிவிடவில்லை. ஆனால் கிரிக்கெட் செய்திக்குப் பக்கத்தில் மட்டை விளம்பரம் போட, படிப்பவரை வேவு பார்க்கத் தேவையில்லை. செய்தித்தாள்கள் காலங்காலமாக அப்படித்தானே போடுகின்றன! சந்தையில் வாங்குபவருக்கு விலை தெரிந்திருக்க வேண்டும் என்பது பொருளியலின் பாலபாடம். இங்கு நாம் கொடுக்கும் விலை நம் அந்தரங்கம். அந்த விலையை யாரும் பலகையில் எழுதி வைப்பதில்லை என்பதே என் குற்றச்சாட்டு.

ஐரோப்பாவில் இசைவு கேட்டே குக்கி வைக்க வேண்டும் என்று 2009இல் சட்டம் திருத்தப்பட்டது. ‘ஏற்கிறேன்’ என்பதற்கு ஒரே தட்டு, மறுப்பதற்குப் பல தட்டு என்று வைத்ததற்காக, பிரான்சின் தரவுக் காப்பு ஆணையம் 2022 ஜனவரியில் கூகுளுக்கு 15 கோடி யூரோவும் ஃபேஸ்புக்குக்கு 6 கோடி யூரோவும் அபராதம் அறிவித்தது. நம் நாட்டில் அந்தரங்கம் அடிப்படை உரிமை என 2017 ஆகஸ்டு 24 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் தீர்ப்பளித்தனர். 2023இல் தனிமனிதத் தரவுக் காப்புச் சட்டமும் வந்தது. எனினும் சட்டம் ஊர்க்காவல் போன்றது. நம் வீட்டுத் தாழ்ப்பாளை நாம்தான் போட வேண்டும்.

சஃபாரியும் ஃபயர்ஃபாக்ஸும் வேவு பார்க்கும் மூன்றாம் தரப்புக் குக்கிகளுக்குத் தாமே தடை போடுகின்றன. குரோமிலிருந்து அவற்றை நீக்குவதாக 2020இல் சொன்ன கூகுள், 2024இல் அத்திட்டத்தைக் கைவிட்டது. ஆகவே குரோம் வைத்திருப்போர் அமைப்புகள் பகுதியில் தாமே அத்தடையை இட வேண்டும். எல்லாக் குக்கிகளையும் அழித்துவிட வேண்டியதில்லை. மளிகைக் கடை நோட்டு இருந்துவிட்டுப் போகட்டும். உளவு மென்பொருளிடம் மட்டும் தயவு தாட்சண்யம் வேண்டாம்.

சொல்லிவிட்டு வருபவன் விருந்தாளி. சொல்லாமல் நுழைபவன் வேவுகாரன். சிரித்துப் பேசி நுழைந்து, நம் பேச்சையெல்லாம் வெளியே விற்பவனை என்னென்று சொல்வது? தோழர்களே, தீர்ப்பு உங்களுடையது!