ஓகார விகுதியின் குணதோஷங்கள்

ஆங்கிலத்தை இலக்கண சுத்தமாகவே பேசவேண்டும் என்று விரதம் பூண்டவர் எவரேனும் ஆஸ்திரேலியாவில் போய் இறங்கினால், அவரை முதலில் திடுக்கிடச் செய்வது, அந்நாட்டு ஜனங்கள் ஒரு சொல்லைப் பாதியில் நறுக்கி, நறுக்கிய இடத்தில் ஓர் இகரத்தையோ ஓகாரத்தையோ ஒட்டிவிடும் வழக்கந்தான். பிரேக்ஃபாஸ்ட் அங்கே 'பிரெக்கி', ஆஃப்டர்நூன் 'ஆர்வோ', பெட்ரோல் போடும் சர்வீஸ் ஸ்டேஷன் 'சர்வோ', ஆம்புலன்ஸ் ஊழியர் 'ஆம்போ', தபால்காரர் 'போஸ்டி'. உலகமே இன்று உபயோகிக்கும் 'செல்ஃபி'கூட, 2002இல் ஓர் ஆஸ்திரேலியர் எழுதியதாகவே முதன்முதல் பதிவாகியிருக்கிறது.

இதைச் சோம்பல் என்று இகழ்வோர் உண்டு. நீண்ட சொல்லைக் குறுக்குவது சோம்பலென்றால், ஜான் என்ற ஓரசைப் பெயரை 'ஜானோ' என்றும், ராப் என்பதை 'ராபோ' என்றும் வலிய நீட்டுகிறார்களே, அதற்கு என்ன பெயர் சூட்டுவது? போலந்தில் பிறந்து கான்பெராவில் பணியாற்றிய மொழியியல் அறிஞர் அன்னா வியெர்ஸ்பிட்ஸ்கா, இச்சொற்களைக் குழந்தைகளிடம் பேசும் கொஞ்சு மொழியோடு சேர்க்கலாகாதென்றும், எதையும் பெரிதுபடுத்தாமல் தோழமையோடும் சற்றே முரட்டுத்தனத்தோடும் கையாளும் மனோபாவமே இவற்றில் தொனிக்கிறதென்றும் விளக்கினார். பிரதம மந்திரி ஆந்தனி அல்பனீஸை, அவர் பதவியின் கௌரவத்துக்குச் சிறிதும் அஞ்சாமல், சாமானிய ஜனங்கள் 'ஆல்போ' என்று அழைப்பதைப் பார்த்தால், இந்த விளக்கம் எவ்வளவு பொருத்தமானது என்பது புலனாகும். அதிகாரத்தை அண்ணாந்து பார்க்க மறுக்கும் ஒரு சமூகத்தின் ஸ்வபாவம் அது. எனக்கு அது பிடித்தே இருக்கிறது.

ஆனால் விகுதிக்குத் தனக்கென்று கருணை கிடையாது. இரண்டாம் உலக யுத்தத்தையொட்டி ஐரோப்பாவிலிருந்து உயிர் பிழைத்து ஓடிவந்த அகதிகளை 'ரெஃபோ' என்று ஏளனம் செய்ததும் இதே ஓகாரந்தான். அவ்வசைக்கு மாற்றாகப் 'புதிய ஆஸ்திரேலியர்' என்ற பெயரைப் பரப்பக் குடியேற்ற மந்திரி ஆர்தர் கால்வெல் முயல வேண்டியிருந்தது. பல ஆண்டுகளுக்குப் பின், 2018இல் குவீன்ஸ்லாந்தின் பிலோவீலா என்ற சிற்றூரிலிருந்து ஒரு தமிழ் அகதிக் குடும்பத்தை அதிகாரிகள் பிடித்துக்கொண்டு போனபோது, ஊரார் தம் ஊருக்கு இட்டிருந்த 'பிலோ' என்ற சுருக்கப் பெயரையே கோஷமாக்கி, 'பிலோவுக்குத் திரும்பட்டும்' என்று இயக்கம் நடத்தி, 2022இல் அக்குடும்பம் ஊர் திரும்பும்வரை ஓயவில்லை. சொல்லுகிறவர் நெஞ்சில் உள்ளதே விகுதியிலும் ஏறுகிறது.

அந்நாட்டில் எனக்குச் சம்மதமில்லாத சுருக்கம் ஒன்று உண்டு. போக்கர் மெஷின் என்ற சூதாட்ட இயந்திரத்தை, நியூ சவுத் வேல்ஸ் மாகாணம் 1956இல் கிளப்புகளில் சட்டபூர்வமாக அனுமதித்தது. இன்று தேசமெங்கும் அதற்கு வழங்கும் பெயர் 'போக்கி'. சம்பளப் பணத்தை விழுங்கிக் குடும்பங்களைக் கெடுக்கும் ஒரு யந்திரம், வீட்டுப் பூனையின் பெயர்போல் ஒலிக்கும் பெயரோடு உலவுவதில் யாருக்கு லாபம் என்பதை விவரிக்க வேண்டியதில்லை. அங்கே குடியேறும் நம்மவர்கள் 'ஆர்வோ'வையும் 'பிரெக்கி'யையும் கூச்சமின்றிப் பேசட்டும். இந்த ஒன்றை மட்டும் தம் குழந்தைகளிடம் சூதாட்ட இயந்திரம் என்று முழுப் பெயராலேயே சொல்லட்டும்.